இற்புலி வந்த வீடு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குற்றாலத்தைப் பற்றிப் பேச எழும் எவரும் குரங்கில்தான் தொடங்குவார்கள். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் தம் குறவஞ்சியில் மலைவளம் சொல்ல வந்த இடத்தில் வானரங்களுக்கு முதல் மரியாதை செய்துவிட்டார். அன்று தொட்டு அவற்றின் சேட்டைகள்கூட இலக்கியத் தகுதி பெற்றுவிட்டன. அருவிக்குப் போன குடும்பம் தன் பழப்பையைக் குரங்கிடம் பறிகொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறதென்றால், அந்தச் சிரிப்பில் பாதி கவிராயர் தந்தது எனலாம். பூனைக்கு அந்த மலையில் அப்படி ஒரு புகழ் வாய்க்கவில்லை. பேரருவிக்குப் போகும் வழியில் பலகைக் கடைகளின் அடியில், எண்ணெய்ச் சட்டியின் வெம்மைக்கு அருகே, மழைச் சாரலுக்கு மயிர் சிலிர்த்து அது உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்ப்பவர் சிலர்; நின்று பார்ப்பவர் அதனினும் சிலர்.

இன்றைய பேச்சு அந்தப் பூனையைப் பற்றியது. சரியாகச் சொன்னால், அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட நாட்களில், ஒரு பூனைக்குட்டியை ஏற்பதா மறுப்பதா என்று ஒரு வீடு பட்ட தவிப்பைப் பற்றியது. இது குறிப்பிட்ட ஒரு வீட்டின் செய்தி அன்று. தென்காசியில் காசிவிசுவநாதர் கோயிலைச் சுற்றியுள்ள எந்தத் தெருவிலும் இருக்கத்தக்க ஒரு வீடு என்று கொள்க. தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என்று நீண்டு கிடக்கும் பழைய சைவ வீடு. ஆச்சி, ஆசிரியராகிய அவர் மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி, அவளுக்கு இளையவனாக ஒரு பேரன். இவ்வளவே குடும்பம்.

குற்றாலத்தில் விலங்குகளுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஆனி, ஆடி, ஆவணியில் சாரல். ஊர் நிரம்பி வழியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அருவிக்கு மறுபடி உயிர் கொடுக்கும். கார்த்திகை முதல் நாளிலிருந்து மகரவிளக்கு வரை சபரிமலை செல்லும் ஐயப்பன்மார் வந்து நீராடுவார்கள். அவர்களை நம்பிச் சிப்ஸ் கடைகளும் அல்வாக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இரவு பகலாக நடக்கும். இலையில் மிஞ்சியது, குப்பையில் விழுந்தது, கடைக்காரர் இரங்கி வைத்தது என்று பூனைக்கும் ஒரு வாழ்வு ஓடும். தை பிறந்ததும் கூட்டம் வடிந்துவிடும். கடைகள் தார்ப்பாயைப் போர்த்திக்கொள்ளும். கூட்டம் இருந்த நாளில் பிறந்த குட்டிகள் கூட்டம் இல்லாத நாளில் வளர வேண்டியிருக்கும். சீசன் ஊர் எதற்கும் உரிய துயரம் இது. குற்றாலத்தின் குற்றம் அன்று.

விடுமுறையில் அந்தக் குடும்பம் அருவிக்குப் போனது. குளித்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு கடையின் மரப்பெட்டிக்குப் பின்னால் சாம்பல் நிறக் குட்டி ஒன்றைப் பேத்தி கண்டாள். பிறந்து ஆறு வாரம் இருக்கும். தாய்ப்பூனை வண்டியில் அடிபட்டுப் போயிற்றென்றும், உடன்பிறந்தவை ஒவ்வொன்றாகக் காணாமற் போயினவென்றும் கடைக்காரர் சொன்னார். "மகரவிளக்கு முடிஞ்சா நானும் கடையைக் கட்டிருவேன். அதுக்குப் பொறவு இங்க ஈ காக்கா இருக்காது, பாப்பா" என்றும் சொன்னார். குழந்தையிடம் சொல்லத்தக்க சொல்லா அது என்று தாய் முகம் சுளித்தாள். ஆனால் சொல்லியாகிவிட்டது. ஈரத் துண்டில் சுற்றிய குட்டியோடு அவர்கள் தென்காசிப் பேருந்தில் ஏறினார்கள். 'ஒரு நாள் மட்டும்' என்று தந்தை சொன்னார். அந்தச் சொல்லை நம்பியவர் அந்தப் பேருந்தில் எவரும் இலர், அவர் உட்பட.

வாசலில் ஆச்சி ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். "ஏட்டி, எடுத்த எடத்துல கொண்டு விட்டுட்டு வா."

அவருடைய மறுப்புக்கு அந்த வீட்டில் எத்தனையோ காரணங்கள் கற்பிக்கப்பட்டன. பூனை குறுக்கே போனால் போகும் காரியம் கெடும் என்ற சகுன நம்பிக்கை முதலாவது. மகன் இதைக் கேலி செய்தார். வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்கு வாகனமே பூனைதான் என்று எடுத்துக் காட்டினார். இந்தியில் பகவதி சரண் வர்மா எழுதிய 'பிராயச்சித்தம்' என்னும் கதையையும் சொன்னார். மருமகள் அடித்த பூனை செத்தது என்றெண்ணிப் பொன்னால் பூனை செய்து தானம் கொடுப்பது பற்றிப் பண்டிதர் பேரம் பேசிக்கொண்டிருக்கையில், அந்தப் பூனை எழுந்து ஓடிவிடும் கதை அது. ஆச்சி கதையைக் கேட்டார், சிரித்தார், மறுப்பை மாற்றிக்கொள்ளவில்லை. எனவே சகுனம் காரணம் அன்று என்பது தெளிவாயிற்று.

இங்கே சற்று நின்று, இந்த உயிரைத் தமிழ் எப்படிப் பார்த்திருக்கிறது என்று காண்பது தகும். கவிஞர்கள் கூடிய அவையில் அது பொருந்தாப் பேச்சாகாது.

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுக்கும்போது கீரி, எலி, அணில் ஆகியவற்றோடு வெருகையும் சேர்த்து, அவற்றின் இளமைக்குக் குட்டி என்னும் பெயரை உரியதாக்குகிறது. பறழ் என்றாலும் பிழையில்லை என்கிறது. வெருகு என்பது காட்டுப் பூனை. சங்கப் பாடல்களில் அது பெரும்பாலும் வேலியோரத்து அச்சம். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய பாட்டொன்றில், மாலையில் வெருகு வந்தது கண்டு குஞ்சுகளைக் கூவி அழைக்கும் வீட்டுக் கோழியைப் பார்க்கிறோம். அதே புலவர் மற்றொரு பாட்டில் முல்லை அரும்பைக் கண்டதும் வெருகின் சிரிப்பை நினைக்கிறார். கூரிய சிறு பற்கள் தெரியச் சிரிக்கும் பூனையை எவ்வளவு அருகிலிருந்து பார்த்திருந்தால் அந்த உவமை பிறந்திருக்கும்! கோழியின் பக்கம் நின்று அஞ்சிய அதே கண், பூவின் பக்கம் நின்று வியக்கவும் செய்தது. ஒரு பெண்பாற்புலவரிடத்தில் இவ்விரண்டும் சேர்ந்திருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை. அடுக்களையும் வேலியும் அறிந்தவரின் பார்வை அது.

வீட்டுப் பூனைக்குப் பழைய பெயர் பூசை. கம்பர் தம் காவியத்தின் வாயிலில், அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடித்துத் தீர்க்கப் புகுந்த பூசையாகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். கம்பனில் தோய்ந்த ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்து 1954இல் மறைந்த ஊர் குற்றாலம். அவ்வூரில் நின்று அந்த உவமையை எண்ணும்போது அதற்குத் தனிச் சுவை உண்டு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை என்று கால்நடை மருத்துவர்கள் இன்று சொல்கிறார்கள். அப்படியானால் கம்பரின் பூசை கடலின் அளவுக்கு மட்டுமன்றித் தன் வயிற்றுக்கும் மீறிய ஆசைப்பட்டது போலும். அடக்கம் இரட்டிப்பாகிறது.

பூசை என்ற சொல் தமிழ்ப் பேச்சில் வழக்கொழிந்தது. ஆனால் செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் இறங்கினால் மலையாளத்தார் இன்றும் 'பூச்ச' என்றே அழைக்கிறார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்தது. எல்லைக்கோடு நகர்ந்தது, சொல் தன் இடத்திலேயே இருந்துகொண்டது. பூனையும் அப்படித்தான். மனிதரைவிட இடத்தைப் பற்றிக்கொள்ளும் உயிர் என்று அதைச் சொல்வார்கள்.

நிகண்டுகள் தரும் பெயர்களில் ஒன்று இற்புலி. வீட்டுப் புலி என்பது பொருள். குற்றாலத்தில் ஓர் அருவிக்கே புலியருவி என்று பெயர். அதே மலைத்தொடரின் தெற்கில் களக்காடு முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகமாயிற்று. மலையில் புலி இருக்க, இல்லத்திலும் ஒரு புலி இருக்கட்டும் என்று பெயரிட்டவர் நகைச்சுவை உடையவராக இருந்திருக்க வேண்டும். மனிதரோடு பூனை சேர்ந்த கதையும் பழையது. சைப்ரசுத் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதப் புதைகுழிக்கு அருகில் பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் அறிஞர்கள் வெளியிட்டார்கள். தானியம் சேர்த்த இடத்துக்கு எலி வந்தது. எலி வந்த இடத்துக்குப் பூனை வந்தது. அதை மனிதர் விரட்டவில்லை. உறவு தொடங்கியது அவ்வளவில்தான். அழைத்து வந்தவர் யார், வந்து சேர்ந்தவர் யார் என்பது அன்றும் தெளிவில்லை.

கடையத்தில் சில காலம் வாழ்ந்த பாரதியும் பூனையைப் பாடியிருக்கிறார். 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தபின் அவர் சேர்ந்த ஊர் அது, செல்லம்மாளின் ஊர், இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது. 'முரசு' பாட்டில் ஒரு வெள்ளைப் பூனையின் குட்டிகள் நான்கும் நான்கு நிறமாயிருப்பதைக் காட்டி, நிறம் வேறானாலும் இனம் ஒன்று என்று நிறுவுகிறார். உயர்ந்த கருத்துக்குப் பெரிய விலங்கு எதையும் தேடாமல் வீட்டுக்குள் இருந்ததைச் சுட்டினார். அந்தப் பாட்டில் பூனை வீட்டில் வளர்கிறது. அதை யாரும் வளர்ப்பதாகச் சொல்லவில்லை. தன்வினைக்கும் பிறவினைக்கும் இடையில் ஒரு வாழ்க்கை முறையே இருக்கிறது.

மறுபடி அந்த வீட்டுக்கு வருவோம். குட்டி புறவாசலில், கவிழ்த்த கூடைக்கு அடியில் இருந்தது. பொங்கல் கழியட்டும், பிறகு முடிவு செய்யலாம் என்று தற்காலிக உடன்பாடு ஏற்பட்டது.

உண்மையான இடர் உணவில் வந்தது. சைவ வீட்டில் பூனைக்கு எதை இடுவது? தயிர்ச்சோறு கொடுத்தார்கள். நக்கியது, இளைத்தது. மருமகள் மாட்டாஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு வந்தாள். பூனை ஊனுண்ணி, நாயைப் போலவோ மனிதரைப் போலவோ சோற்றில் வாழ முடியாது, ஊனில் கிடைக்கும் டாரின் என்னும் சத்து இல்லாவிடில் நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும் என்றார்கள். குடற்புழு மருந்தும் வெறிநோய்த் தடுப்பூசியும் உரிய வயதில் கொடுக்க வேண்டும். வளர்ந்தபின் கருத்தடை அறுவையும் செய்துவிட வேண்டும் என்றார்கள். வீட்டுப் பூனை பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள்கூட வாழும் என்றும் சொன்னார்கள். அந்தக் கடைசிச் செய்திதான் மருமகளைத் திடுக்கிட வைத்தது. பேத்திக்கு மணமாகும் வயது வரை!

1446இல் தென்காசிக் கோயிலைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதைப் பழுதுபார்த்துக் காப்பவர் எவராயினும் அவர் அடிபணிவதாகக் கல்லில் எழுதி வைத்தான். சிதைந்து கிடந்த இராசகோபுரம் புதிதாக எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டபோது அந்தப் பணிவு உரிய இடம் சேர்ந்தது. தொடங்குவது எளிது, தொடர்வதே அரிது என்று அறிந்த அரசன். பூனைக்குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்து வருவதும் எளிதுதான்.

'தெரிந்தே ஒரு சைவ வீட்டில் மீன் புகலாமா?' என்று மகன் தாயிடம் கேட்கத் தயங்கினார். பின்தெருவில் இருந்த இசுலாமிய அம்மாள், ஆச்சிக்கு நெடுநாள் பழக்கமுடையவர், தாமாகவே வழி சொன்னார். வீட்டில் மீன் ஆயும் நாளில் தலையும் வாலும் வேகவைத்து, முள் நீக்கிப் புறவாசல் நடைக்கு வெளியே ஒரு சிரட்டையில் வைத்துவிடுவதாகச் சொன்னார். நபித்தோழர் அபூஹுரைராவின் பெயருக்கே பூனைக்குட்டியின் தந்தை என்று பொருள் என்றார். பூனையைக் கட்டிப்போட்டு, உணவு தராமலும் தானே இரைதேட விடாமலும் சாகடித்த பெண்ணொருத்தி தண்டனை பெற்றதாக நபிமொழி உண்டு என்றும் சொன்னார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு மருமகளிடம் மட்டும் அவர் பேசினார்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன், அவர் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நாட்களில் நடந்தது. வீட்டைச் சுற்றி வந்த பெட்டைப் பூனை ஒன்று பால் சட்டியை உருட்டிவிட்டது. மாமியார் ஏவ, அவரும் கணவருமாக அதைச் சாக்கில் போட்டுக் கட்டினார்கள். கணவர் சிற்றாற்றுக்கு அக்கரையில் வெகுதூரம் கொண்டுபோய் விட்டுவந்தார். அந்நாளில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். யாரும் அதைக் கொடுமை என்று நினைத்ததில்லை. அன்றிரவு மச்சில் பழம் பாத்திரங்களுக்கு இடையிலிருந்து சத்தம் வந்தது. குட்டி ஈன்றிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. வெள்ளையடிப்புக்காக மச்சில் அடைத்த சாமான்களை இறக்க ஆள் இல்லை. நல்ல நாளும் அதுவுமாக மச்சைக் கலைக்க வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டார். "மூணு நாள் கத்திச்சிம்மா. பொங்கப்பானையைச் சுத்தி எல்லாரும் குலவை போடுதாவ, எனக்கு அந்தச் சத்தந்தான் கேக்கு. நாலாம் நாள் கேக்கல" என்றார் ஆச்சி. "மச்சுல ஏறிப் பாத்திருக்கலாம். நான் ஏறல."

மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கும் ஒன்றுமில்லை. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இலேயே வந்துவிட்டது. பசியாலும் தாகத்தாலும் வருந்தும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதை அது குற்றமாக்குகிறது. சட்டம் அறியாத வீட்டிலும் குற்றவுணர்வு இருந்தது என்பதற்கு இந்த மூதாட்டி சான்று. வீட்டில் எல்லாரும் அவர் பூனையை வெறுக்கிறார் என்றே எண்ணியிருந்தார்கள். அவர் அஞ்சியது பூனைக்கு அன்று; அதன் குரலுக்கு.

வைணவத்தில் இருவகை நியாயங்கள் பேசப்படுவதை அன்பர்கள் அறிவார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்கிறது. முன்னது மர்க்கட நியாயம் என்று வடகலையாரும், பின்னது மார்ச்சால நியாயம் என்று தென்கலையாரும் இறைவன் அருளுக்கு உவமை காட்டுவர். மந்திகள் தாவும் குற்றாலத்தில் முதல் உவமையை நாளெல்லாம் காணலாம். இரண்டாவதில் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கவ்வ வேண்டிய தாயே இல்லாதபோது குட்டியின் கதி என்ன? ஆசாரியர்கள் அருளைப் பேசினார்கள். தாயிழந்த குட்டியைப் பேச வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அந்த வேலை அடுத்த வீட்டாருக்கு விடப்பட்டிருக்கிறது போலும்.

பொங்கல் வந்தது. வாசலில் பனையோலை எரிந்தது, பானை பொங்கிற்று, குலவை எழுந்தது. பேத்தி சர்க்கரைப் பொங்கலில் ஒரு கவளம் கொண்டுபோய்க் குட்டியின் முன் வைத்தாள். முகர்ந்து, நெய்ப் பளபளப்பை மட்டும் நக்கிவிட்டு அது திரும்பிக்கொண்டது. இனிப்புச் சுவையை உணரும் ஆற்றல் பூனை இனத்துக்கே இல்லை. அதற்குரிய மரபணு செயலற்றுக் கிடப்பதை 2005இல் கண்டறிந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்கு மாலை உண்டு, காக்கைக்குக் கனுப்பிடி உண்டு, பூனைக்கென்று ஒரு நாளும் இல்லை. அது அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அடுத்து வந்தது சிறுவீட்டுப் பொங்கல். நெல்லைச் சீமைக்கு உரிய அழகான வழக்கம் இது. மார்கழியில் பெண்பிள்ளைகளுக்காக முற்றத்தில் மண்ணால் சிறுவீடு கட்டுவார்கள். சாண் உயரச் சுவர்கள், அறைகள், அடுக்களை, அடுப்பு எல்லாம் அதற்குள் உண்டு. நாள்தோறும் சாணத்தில் பூ வைத்துத் தட்டிய பூவெருவைச் சேர்த்து வைத்து, தை மாதத்தில் ஒரு நாள் அந்தச் சிறுவீட்டு அடுப்பில் பெண்பிள்ளைகளே பொங்கலிடுவார்கள்.

அன்று விடியலில் பேத்தி பானையோடு முற்றத்துக்கு வந்து பார்த்தபோது, அடுப்பு வெறுமையாயில்லை. கூடையைத் தள்ளிக்கொண்டு இரவில் வந்த குட்டி, சிறுவீட்டு அடுக்களையின் மண்ணடுப்புக்குள் சுருண்டு உறங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் பூனை உறங்கும் வீடு என்றால் வறுமை குடிகொண்ட வீடு என்று பொருள். நல்ல நாளில் காணத்தக்க காட்சி அன்று. மருமகள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். மகன் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

ஆச்சி முற்றத்தில் இறங்கினார். அந்த மூன்று வாரங்களில் அவர் குட்டியைத் தொட்டதில்லை. குனிந்து, இரு கைகளாலும் அதை அடுப்பிலிருந்து எடுத்தார். அது கண் விழித்து, சிறு பற்கள் தெரிய வாயைத் திறந்து ஒருமுறை கத்திற்று. அவர் கை நடுங்கிற்று, ஆனால் விடவில்லை. முந்தானையில் ஒட்டிய சாம்பலைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"ஏட்டி, நீ அடுப்பைப் பத்த வை. இதை நான் வச்சுக்கிடுதேன். பின்தெரு அம்மா வந்தா, சிரட்டையைக் கழுவி வாங்கணும்னு சொல்லு. அழுக்குச் சிரட்டையில பிள்ளைக்கு வைக்காத."